பனித்துளி ஹைக்கூ: புதிதாக எழுத வருபவர்களுக்கு

தமிழில் ஹைக்கூ எழுத உட்காரும் பலரும் முதலில் கை வைப்பது புல்நுனிப் பனித்துளியில்தான். சின்னது, அழகானது, மூன்று வரிக்குள் அடங்கிவிடும் என்று தோன்றும். எழுதி முடித்துப் பார்த்தால் முத்து, வைரம், கண்ணீர், வாழ்க்கை என்ற நாலில் ஒன்றில் போய் நின்றிருக்கும். துளியைக் காணோம்.

பனித்துளியையும் இலையுதிர்காலத்தின் தொடக்கத்தையும் ஜப்பானியக் கவிஞர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எழுதி வருகிறார்கள். அவர்கள் அதை எப்படிக் கையாண்டார்கள், அதிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். அடிப்படை ஒன்றுதான்: துளியை வேறொன்றாக மாற்றாதீர்கள், வேறொன்றின் பக்கத்தில் வையுங்கள்.

முதலில் நாள்காட்டி

ஜப்பானிய ஹைக்கூ ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் காலூன்றி நிற்க வேண்டும் என்பது மரபு. அதைக் காட்டும் சொல்லைக் கிகோ, அதாவது பருவச் சொல் என்பார்கள். அந்தச் சொற்களைப் பருவவாரியாகத் தொகுத்த கையேடுதான் சைஜிகி. அதில் பனித்துளி, அடைமொழி எதுவும் இல்லாமல் தனியாக வந்தால், இலையுதிர்காலத்துக்கு உரியது.

அந்தக் கணக்கில் இலையுதிர்காலம் ஆகஸ்ட் 7 அல்லது 8-ஆம் தேதியே தொடங்கிவிடும். ரிஷ்ஷூ என்று அந்த நாளுக்குப் பெயர். டோக்கியோவில் அப்போது வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். பிறகு எப்படி இலையுதிர்காலம்? பத்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட கொகின்ஷூ என்ற ஜப்பானியக் கவிதைத் தொகுப்பில், ஃபுஜிவாரா நோ தொஷியுகி என்ற கவிஞர் அந்த நாளைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருக்கிறார். இலையுதிர்காலம் வந்தது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவில்லை, ஆனால் காற்றின் ஓசை கேட்டுத் திடுக்கிட்டேன் என்கிறார். பருவத் தொடக்கத்தை எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. இலை சிவப்பதும் உதிர்வதும் பின்னால் வருபவை. தொடக்கத்தில் காதும் தோலும்தான் முதலில் அறிகின்றன: விடிகாலையில் போர்வையை இழுத்துக்கொள்வது, காலடியில் புல் நனைந்திருப்பது, பகலில் இன்னும் விடாத வெக்கை. மிஞ்சிய வெக்கைக்கே சன்ஷோ என்று ஒரு பருவச் சொல் உண்டு.

செப்டம்பர் 7 அல்லது 8-இல் ஹகுரோ, வெண்பனி நாள். அக்டோபர் 8 வாக்கில் கன்ரோ, குளிர்பனி நாள். சீனாவிலிருந்து வந்த பழைய நாள்காட்டியின்படி ஆண்டு 24 பருவங்களாகவும், அவை ஒவ்வொன்றும் மும்மூன்றாகப் பிரிந்து 72 சிறுபருவங்களாகவும் ஆகின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்து நாள். அவற்றின் பெயர்களே பாதிக் கவிதை. ஆகஸ்ட் 7 வாக்கில் 'குளிர்காற்று வருகிறது'. அடுத்து 'ஹிகுராஷி பாடுகிறது'. ஹிகுராஷி என்பது விடியலிலும் அந்தியிலும் ஒலிக்கும் ஒரு சிள்வண்டு. அதற்கடுத்து 'அடர்ந்த மூடுபனி சூழ்கிறது'. செப்டம்பர் 7 வாக்கில் 'புல்மேல் பனி வெளுத்திருக்கிறது'.

சரி, இதெல்லாம் ஜப்பானின் மாதங்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? டொரன்டோவிலோ லண்டனிலோ இருந்தால் செப்டம்பர் காலையில் வாசல் புல்லே உங்களுக்குப் போதும். தஞ்சாவூரிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தால் ஆகஸ்டில் பனித்துளியைத் தேடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் நிற்க, வானம் தெளியும் மார்கழியும் தையும்தான் உங்கள் பனி மாதங்கள். தொல்காப்பியம் சொல்லும் ஆறு பெரும்பொழுதில் முன்பனி என்பது இந்த இரண்டு மாதங்களே. ஜப்பானிய பனித்துளியில் ஒரு பிரிவின் சாயல் இருக்கிறது. காவிரி டெல்டாவில் சம்பா அறுவடையை ஒட்டித் தெளித்த உளுந்தும் பயறும் மண்ணின் ஈரத்திலும் பனியிலுமே வளர்ந்துவிடும். அங்கே துளிக்கு விளைச்சலின் சாயல் வரும். இரண்டையும் கலக்காதீர்கள். மன்னார்குடியில் உட்கார்ந்துகொண்டு மேப்பிள் இலைமேல் பனி என்று எழுதினால், படிப்பவர் முதல் வரியிலேயே விலகிவிடுவார்.

ஆக, முதல் வேலை இதுதான். நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் உங்கள் ஊரில் பனி எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிகிறது, அதோடு கூட வருபவை எவை என்று எழுதுங்கள். அந்த 72 பெயர்களைப் போல, ஒரு பெயரும் ஒரு வினையும் மட்டும். 'எருக்கு வெடிக்கிறது', 'பரங்கிப்பூ வாசலுக்கு வருகிறது' என்கிற மாதிரி. இது உங்கள் சொந்த சைஜிகி.

விடியலுக்கு முன் வெளியே போங்கள்

பனித்துளி எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் எங்கே பார்ப்பது என்று தெரியும். பனி பெய்கிறது என்று பேச்சில் சொன்னாலும் அது மேலிருந்து விழுவதில்லை. மேகமில்லாத, காற்று அசையாத இரவில் புல்லும் இலையும் தம் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகின்றன. சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து ஒரு எல்லைக்குக் கீழே போனதும், காற்றிலிருக்கும் நீராவி அவற்றின்மேல் நீராகப் படிகிறது. மெல்லிய பொருள் சீக்கிரம் குளிரும், அதனால் புல்லில் நிறைய. மரத்தடியில் குறைவு, ஏனென்றால் மேலே உள்ள கிளைகள் வானத்தை மறைக்கின்றன. மேகம் மூடிய இரவிலும் அப்படியே. கல் பகல் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் தாமதமாகத்தான் குளிரும்.

இது பள்ளிக்கூட அறிவியல் மாதிரி இருக்கிறதே, கவிதைக்கு எதற்கு என்று கேட்கலாம். பாருங்கள்:

கொடியில் மறந்த சட்டை
தோள்பட்டை மட்டும் நனைந்து
முதல் பனிக்காலை

தோள்பட்டை மட்டும் ஏன்? வானத்தைப் பார்த்திருக்கும் பகுதி அதுதான். காரணம் தெரியாமலும் இதைப் பார்க்கலாம். தெரிந்திருந்தால் பார்க்கத் தவறமாட்டீர்கள். கவபாதா போஷா (1897–1941) என்ற கவிஞர் பனித்துளிக் கவிதைகளுக்காகவே பேர் பெற்றவர். கல்லின்மேல் ஒரே ஒரு துளி, வைரம்போல் திடமாக உட்கார்ந்திருப்பதை எழுதினார். கல்லில் பனி எளிதில் படியாது என்று தெரிந்தபின் அந்த 'ஒரே ஒரு' எவ்வளவு கனமாகிவிடுகிறது! வைரம் கூடாது என்று சொன்னேனே, இவர் எழுதியிருக்கிறாரே என்றால், அவர் அதன் மினுக்கத்துக்காக அந்தச் சொல்லை எடுக்கவில்லை. உடையப்போகும் ஒன்றின்மேல் உடையாத கடினத்தை ஏற்றி வைக்கிறார். இதற்குப் பெரிய பயிற்சி வேண்டும். முதல் ஆண்டில் நாம் முயல வேண்டாம்.

சூரியன் எழ அரை மணி நேரம் இருக்கும்போதே போய்விடுங்கள், எழுந்த பிறகும் ஒரு மணி நேரம் இருங்கள். துளி இருப்பதையும் துளி போவதையும் பார்க்க வேண்டும், போவதில்தான் கவிதைக்கு நிறைய இடம். போகும்போது கவனிக்க சில விஷயங்கள். இலை முழுக்கத் தூவினாற்போல் இருந்தால் அது பனி. இலையின் நுனியிலோ ஓரத்திலோ மட்டும் ஒழுங்காக வரிசைகட்டி நின்றால், பெரும்பாலும் செடியே இரவில் வெளியே கசியவிட்ட நீர். நெல்லிலும் சேம்பிலும் இதை நன்றாகப் பார்க்கலாம். நாம் புல்நுனிப் பனி என்று கொண்டாடுவதில் பாதி இதுதான். கவிதையில் பனி என்றே எழுதிக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் இரண்டும் வேறாகத் தெரியத் தொடங்கிய கண் அப்புறம் நிறையப் பார்க்கும். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றால், நனைந்த புல்லில் விழும் உங்கள் தலைநிழலைச் சுற்றி ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். பக்கத்தில் நிற்பவரின் தலையைச் சுற்றி உங்களுக்குத் தெரியாது, அவருக்கு உங்கள் தலையைச் சுற்றித் தெரியாது. இதை வைத்து யாராவது ஒரு நல்ல ஹைக்கூ எழுதுங்கள், எனக்குப் படிக்க ஆசை. துளிக்குள் உலகம் தலைகீழாகத் தெரிவது உண்மைதான், ஆனால் அதை எல்லோரும் எழுதியாகிவிட்டது.

குறிப்பு எடுப்பது

அங்கேயே நின்று கவிதை எழுத முயல வேண்டாம். பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 'அழகு', 'அமைதி', 'சிலிர்ப்பு' எதுவும் நோட்டில் ஏறக்கூடாது. எவ்வளவு பெரியது, எதன்மேல், எந்தப் பக்கம் சாய்ந்தது, அப்போது என்ன சத்தம் கேட்டது, யார் கடந்து போனார். பென்சில் நல்லது, கை ஈரத்தில் பேனா மை கலையும்.

இந்த முறைக்கு வழி வகுத்தவர் மசாவோகா ஷிகி (1867–1902). இந்தக் கவிதை வடிவத்துக்கு ஹைக்கூ என்ற பெயரை நிலைநிறுத்தியவரும் அவரே. ஓவியர் நேரில் பார்த்து வரைவதுபோல் கவிஞரும் பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும் என்றார். ஷசெய் என்று அதற்குப் பெயர். காசநோய் முதுகெலும்பைத் தாக்கி, கடைசி ஆண்டுகளைத் டோக்கியோவின் நெகிஷியில் படுக்கையிலேயே கழித்தார். பார்க்கக் கிடைத்தது வீட்டுத் தோட்டம் மட்டும். அங்கே பந்தலில் ஹெச்சிமா, அதாவது நம் நுரைப்பீர்க்கு. அதன் தண்டிலிருந்து எடுக்கும் நீர் சளிக்கு மருந்து. சாவதற்கு முந்தைய நாள் எழுதிய மூன்று கவிதைகளிலும் அந்தப் பீர்க்குதான் வருகிறது. அவர் இறந்த செப்டம்பர் 19-ஐ இன்றும் பீர்க்கு நினைவுநாள் என்கிறார்கள், அதுவே ஒரு பருவச் சொல்லாகவும் ஆகிவிட்டது. பார்ப்பதற்கு மலையும் அருவியும் வேண்டும் என்று நினைப்பவர்கள் ஷிகியின் படுக்கையை நினைத்துக்கொள்ளலாம். மாடித் தோட்டத்துத் தொட்டி ஒன்று போதும்.

துளியோடு கூட வருபவை

பனித்துளியை மட்டும் வைத்து எழுதினால் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஜப்பானிய முன் இலையுதிர்காலத்தில் அதன் அக்கம்பக்கத்தார் நிறையப் பேர், அவர்களில் பலர் நமக்கும் தெரிந்தவர்களே.

அசகாவோ என்ற மார்னிங் குளோரி கொடிப்பூ விடியலில் விரிந்து வெயில் ஏறுமுன் சுருங்கிவிடும். ஜப்பானின் காகா மாகாணத்து மத்தோவில் பிறந்த பெண் கவிஞர் சியோ-நி (1703–1775) எழுதியதுதான் இதில் மிகப் புகழ்பெற்றது. கிணற்று வாளிக் கயிற்றில் அந்தக் கொடி இரவோடு இரவாகச் சுற்றிக்கொண்டது. அவர் பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டு வாங்குகிறார். கொடியை அறுக்க மனம் வரவில்லை என்று எங்கேயும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்கப் போனார், அவ்வளவுதான். உணர்ச்சியைச் செயலாக மாற்றுவது இப்படி.

ட்சுயுகுசா என்ற நீலப்பூ காலையில் பூத்து நடுப்பகலில் வாடுவது. நம் வரப்புகளில் கிடக்கும் கானாம்வாழையின் நெருங்கிய உறவு. சுவர்க்கோழியும் மற்ற இரவுப் பூச்சிகளும் பாடத் தொடங்குவதும் இலையுதிர்காலமே. தட்டான்களும் இந்தப் பருவத்தவை.

என்னை அதிகம் ஈர்ப்பது சேம்பு இலை. அதன்மேல் நீர் ஒட்டாது, உருண்டு நடுவில் சேரும். ஜப்பானில் தனபாதா விழா, பழைய கணக்கில் ஏழாம் மாதம் ஏழாம் நாள், இலையுதிர்காலத் தொடக்கத்தில் வரும். அன்று விடியலில் சேம்பு இலைப் பனியைச் சேகரித்து, அந்த நீரில் மை அரைத்து, வேண்டுதல் சீட்டு எழுதுவது அங்கே பழைய வழக்கம். பனித்துளியால் எழுதுவது என்றால் உண்மையில் அதுதான்! யமனாஷி மலைப்பகுதியில் வாழ்ந்த இய்தா தகோத்சு 1914-இல் எழுதிய கவிதையில் முன்னால் சேம்பிலைப் பனி, பின்னால் தொலைவில் மலைத்தொடர் தன் உருவத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று, கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒன்று. நடுவில் எந்த விளக்கமும் இல்லை. மிகச் சிறியதற்குப் பக்கத்தில் மிகப் பெரியது என்ற இந்த அமைப்பை இரவல் வாங்கிப் பழகலாம், அது யாருக்கும் சொந்தமில்லை.

வெட்டு

ஹைக்கூ மூன்று வரி என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். உண்மையில் அது இரண்டு துண்டு. ஓரிடத்தில் வெட்டு விழும். ஜப்பானிய மொழியில் அதற்கென்றே யா, கனா, கெரி போன்ற சொற்கள் இருக்கின்றன. பூசோனின் (1716–1784) பனித்துளிக் கவிதையைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

வெண்பனித்துளி
முட்செடியின் ஒவ்வொரு முள்ளிலும்
ஒன்றொன்றாய்

முதல் வரிக்குப் பின் வெட்டு. முதலில் வெறும் பனி. அப்புறம் கண் அருகே போகிறது, முள் தெரிகிறது, ஒவ்வொரு முள்ளாக எண்ணத் தொடங்குகிறது. கூர்மையும் உருண்டையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. பூசோன் எந்தக் கருத்தும் சொல்லவில்லை.

தமிழில் வெட்டுக்குத் தனிச் சொல் தேவையில்லை. ஒரு வரியைப் பெயர்ச்சொல்லில் நிறுத்தினாலே போதும், வாசிப்பவர் மூச்சு விடுவார். வெட்டு முதல் வரிக்குப் பிறகோ இரண்டாம் வரிக்குப் பிறகோ வரட்டும், ஆனால் ஒரே ஒரு முறை. மூன்று வரியும் மூன்று துண்டாக நின்றால் அது பட்டியலாகிவிடும்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாவது வரியில் ஒரு திடீர்த் திருப்பம் வைத்து முடிப்பது நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. சமூகக் கோபத்தையும் கிண்டலையும் எழுத அது சக்தியுள்ள வழிதான். ஜப்பானியத்திலும் மனிதர்களைக் கிண்டலாகப் பார்க்கும் சென்ரியூ என்ற உறவு வடிவம் இருக்கிறது. பனித்துளிக்கு மட்டும் அது பொருந்தாது. திருப்பம் வந்ததும் வாசிப்பவர் சிரிப்பார் அல்லது தலையாட்டுவார், கவிதை அங்கேயே முடிந்துபோகும். மறுபடி படிக்க ஒன்றும் மிஞ்சாது.

நீளம்

ஐந்து, ஏழு, ஐந்து என்ற கணக்கு ஜப்பானிய ஒலியலகுகளுக்கு உரியது. ஒற்றெழுத்தையும் தனியே எண்ணும் கணக்கு அது. நிப்பொன் என்றால் நான்கு. அதை அப்படியே தமிழ் எழுத்துக்குப் பொருத்த வேண்டியதில்லை. 1916-இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றிப் பாரதியார் எழுதிய நாளிலிருந்து தமிழில் இது பேசப்படுகிறது. இன்று பெரும்பாலோர் எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சுருக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

நமக்குள்ள சிக்கல் வேறு: தமிழ் வினைமுற்றுகள் நீளமானவை. 'உருண்டுகொண்டிருக்கிறது' என்று எழுதினால் ஒரு வரி முழுக்க அதற்கே போய்விடும். அதனால் 'உருளும்', 'உருண்ட' என்று பெயரெச்சமாக்கிப் பெயர்ச்சொல்லோடு சேருங்கள். அல்லது வினையெச்சத்தில் விட்டுவிடுங்கள், மேலே 'நனைந்து' என்று விட்டதுபோல. 'ஆக', 'போல', 'என்னும்' மூன்றையும் கண்டால் நிறுத்தி, இது இல்லாமல் நிற்குமா என்று கேளுங்கள். ஆச்சரியக்குறி வேண்டாம். இவ்வளவு போதும் இலக்கணம்.

ஒரு கவிதை உருவாகும் விதம்

நோட்டில் உள்ள குறிப்பு இது என்று வைத்துக்கொள்வோம்: 'சேம்பிலை. நடுவில் பெரிய துளி. பால் வண்டி போனது. துளி அசைந்தது. விழவில்லை. நாய் குரைத்தது. மேற்கே இன்னும் நிலா.'

முதலில் கையில் வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

சேம்பு இலையில்
முத்தாய் உருளும் பனித்துளி
வாழ்க்கையும் இப்படித்தான்!

பார்த்தது முதல் இரண்டு வரியில் பாதி மட்டும். 'முத்தாய்' என்றதும் வாசிப்பவருக்குத் துளி போய் நகைக்கடை வருகிறது. மூன்றாவது வரி எந்தப் பொருளுக்கும் ஒட்டும். பனித்துளியை எடுத்துவிட்டு மெழுகுவர்த்தி, மணற்கோட்டை எதை வைத்தாலும் அப்படியே நிற்கும். எந்தப் பொருளுக்கும் ஒட்டும் வரியை வெட்டிவிடுங்கள்.

வெட்டினால்:

சேம்பிலை நடுவில்
ஒரு பனித்துளி உருள்கிறது
பால் வண்டிச் சத்தம்

இப்போது இரண்டு பொருள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நாயையும் நிலாவையும் விட்டாயிற்று, அவை வேறு கவிதைகளுக்கு. ஆனால் சத்தம் சும்மா பின்னணியாக நிற்கிறது. துளிக்கும் வண்டிக்கும் என்ன உறவு? குறிப்பைத் திரும்பிப் பாருங்கள். வண்டி போன பிறகுதான் துளி அசைந்தது, விழவும் இல்லை. அந்த வரிசையிலேயே உயிர் இருக்கிறது.

பால் வண்டி போயிற்று
சேம்பிலை நடுவில் இன்னும்
ஆடும் பனித்துளி

வண்டியின் அதிர்வால் ஆடுகிறது என்று எங்கும் இல்லை, 'இன்னும்' என்ற ஒரு சொல் அதைச் சுமக்கிறது. வெட்டு முதல் வரியின் முடிவில். தெரு மறுபடி அமைதியானதையும் சொல்லாமலே உணரலாம். இது மகத்தான கவிதை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காலையில் அந்த இடத்தில் நின்றவர் மட்டுமே எழுதக்கூடியது. தொடக்கத்தில் நாம் எதிர்பார்க்க வேண்டியது அவ்வளவுதான்.

வெளிநாட்டுச் செப்டம்பரில் இருப்பவர்களுக்கு இன்னொன்று:

பள்ளி திறந்த வாரம்
பனிப்புல்லில் ஒற்றை வரிசை
சின்னக் காலடிகள்

இதில் கோடை முடிந்ததும், ஒரு குழந்தை தனியாகப் போனதும், வழக்கமான பாதையை விட்டுப் புல்லில் நடந்ததும் இருக்கின்றன. யாரும் விளக்கவில்லை.

நிலையாமையை என்ன செய்வது?

பனித்துளி எழுதுகிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். சூரியன் வந்தால் போய்விடும் ஒன்றைப் பார்த்தால் சாவு நினைவுக்கு வராமல் இருக்காது. தவறில்லை. ஆனால் 'புல்நுனிமேல் நீர்போல் நிலையாமை' என்று நாலடியார் எப்போதோ சொல்லி முடித்துவிட்டது. ஜப்பானிலும் பௌத்தம் வழியாக இதே உவமை ஹைக்கூ பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே புழங்கித் தேய்ந்திருந்தது. தேய்ந்த காசை நாமும் ஒருமுறை எடுத்து நீட்டுவதில் என்ன இருக்கிறது?

கொபயாஷி இஸ்ஸா (1763–1828) அதையே எடுத்தார். அவர் எடுத்த விதம்தான் கவனிக்க வேண்டியது. பிந்திக் கல்யாணம் செய்தவர். முதல் ஆண் குழந்தை பிறந்து ஒரு மாதத்துக்குள் இறந்தது. அடுத்துப் பிறந்தவள் சாதோ. ஒரு வயதைத் தாண்டிக் கொஞ்ச நாளில், 1819-இல், அவளும் பெரியம்மையில் போய்விட்டாள். அப்போது எழுதியது:

இவ்வுலகம் பனித்துளி உலகம்
பனித்துளி உலகம்தான்
ஆனாலும்...

முதல் இரண்டு வரி மதம் சொல்லிக்கொடுத்தது. சரி, எனக்கும் தெரியும், ஒப்புக்கொள்கிறேன் என்று இரண்டு முறை சொல்கிறார். மூன்றாவது வரியில் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வாக்கியத்தை முடிக்கக்கூட முடியவில்லை. உவமை அங்கே உடைகிறது, உடைந்த இடத்தில் அப்பா நிற்கிறார். இதில் இயற்கைக் காட்சி ஏதும் இல்லை, நான் இதுவரை சொன்ன விதிகள் பலவற்றை மீறுகிறது. இருந்தும் பனித்துளியை எழுதியவற்றில் இதற்கு இணை கிடையாது. அந்த 'ஆனாலும்' யாரிடமிருந்தும் கடன் வாங்க முடியாதது. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் விதிகளை மறந்துவிட்டு எழுதுங்கள். இல்லையென்றால் துளியைப் பற்றியே எழுதுங்கள், நிலையாமை தானாக வந்து உட்காரும்.

பாஷோ (1644–1694) வேறொரு வழி காட்டுகிறார். 1689-இல் வடக்கே நெடும்பயணம் போனபோது கூடவே வந்த சோரா, உடல்நலம் குன்றியதால் யமனாகா வெந்நீரூற்றில் பிரிந்து போனார். யாத்திரிகர்களின் தொப்பியில் 'இருவராய்ப் பயணம்' என்ற பொருளில் எழுதியிருப்பார்கள். இன்றிலிருந்து அந்த எழுத்தைத் தொப்பிமேல் படியும் பனி அழித்துவிடும் என்கிறார் பாஷோ. இங்கே பனி எதற்கும் உவமை இல்லை. மையை அழிக்கும் வேலையைச் செய்கிறது. பிரிவின் துயரம் அந்த வேலைக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் துளிக்கு ஒரு வேலை கொடுங்கள்: கோலப்பொடியைக் கரைக்கட்டும், பேருந்து நிறுத்தப் பலகையில் யாரோ விரலால் எழுதிய பெயர் வழியட்டும், நாளிதழின் முதல் பக்கம் கடைசிப் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளட்டும்.

எழுதியபின்

அன்றே யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஒரு வாரம் நோட்டிலேயே கிடக்கட்டும். பிறகு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கு இடறும் இடத்தில் ஒரு சொல் கூடுதலாக இருக்கும்.

அப்புறம் ஒரு குகாய் நடத்துங்கள். ஜப்பானில் ஹைக்கூ பழகுபவர்கள் கூடும் வழி அது. நாலைந்து நண்பர்கள் போதும், வாட்ஸ்அப்பிலேயே செய்யலாம். ஒரு பருவச் சொல்லை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள், உதாரணமாகப் பனி. ஆளுக்கு மூன்று கவிதை, ஒருவருக்கு மட்டும் தனியே அனுப்ப வேண்டும். அவர் எல்லாவற்றையும் கலந்து, பெயர் இல்லாமல், எண் மட்டும் போட்டுக் குழுவில் இடுவார். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த மூன்றைத் தேர்வு செய்து, ஏன் பிடித்தது என்று ஒரு வரி எழுதுவார். தன் கவிதையைத் தானே தேர்வு செய்யக்கூடாது. எல்லோரும் முடித்த பிறகே எழுதியவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் வயதில் மூத்தவரோ புத்தகம் போட்டவரோ இருந்தாலும் இதே முறைதான். யாரும் தேர்வு செய்யாத கவிதையை எழுதியவர் விளக்கிப் பேசத் தொடங்கினால் அன்பாக நிறுத்திவிடுங்கள், அடுத்த மாதம் திருத்தி மறுபடி அனுப்பட்டும். அடுத்த மாதத்துக்கான பருவச் சொல்லை, அதிகத் தேர்வு பெற்றவர் சொல்லலாம்.